வன்னி வீதிக்கு எந்தச் செயின் ஒயிலர்? தெரிவு செய்வதில் இருந்து பூட்டுவது வரை

தானாக ஒயில் விடும் செயின் ஒயிலர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது பைக்கின் மொடலை இல்லை. வீட்டுப் படலையில் இருந்து தார் வீதிக்கு எவ்வளவு தூரம் கிறவலில் ஓடவேண்டும் என்பதைத்தான். இந்தச் சாமான்களைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஜேர்மனி பக்கத்து ஆக்கள். அவர்களுடைய பிரச்சினை மழை, குளிர், பனிக்கு வீதியில் கொட்டுகிற உப்பு. எங்களுடைய பிரச்சினை புழுதி. சோளகம் அடிக்கிற மாதங்களில் மல்லாவிப் பக்கமோ ஒட்டுசுட்டான் உள்வீதிகளிலோ ஒரு டிப்பருக்குப் பின்னால் போன ஆளுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கள் ஊருக்கு ஒயிலர் பார்க்கும்போது அது எவ்வளவு தானாக வேலை செய்கிறது என்று பார்க்காதீர்கள், எவ்வளவு சுலபமாக அதைக் குறைக்கலாம், நிறுத்தலாம் என்று பாருங்கள். விலை கூடிய சாமானை விடக் கையால் கூட்டிக் குறைக்கக்கூடிய சின்னச் சாமான் இங்கே நன்றாக உழைப்பதற்குக் காரணம் அதுதான். ஏன் என்பது கீழே வரும்.

முதலில்: உங்கள் பைக்குக்கு இது தேவையா?

செயினைச் சுற்றியுள்ள உறையைப் பாருங்கள். சி.டி. 100, ஸ்ப்ளெண்டர், பழைய ஹொண்டா 50, எம்.டி. 90 போன்றவற்றில் செயின் முழுக்க ஒரு தகரப் பெட்டிக்குள் ஓடுகிறது. இந்த வகைக்கு ஒயிலர் வேண்டாம், இதோடு இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பெட்டியில் செயின் தளர்வு பார்க்க ஒரு றப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றி, பின்சில்லைக் கையால் சுழற்றிக்கொண்டே ஒயில் கானால் நாலு சொட்டு விட்டால் போதும். பெட்டிக்குள் தொடர்ந்து ஒயில் சொட்டவிட்டால் அது வெளியே போக வழியில்லாமல் அடியில் தேங்கி, உள்ளே போன தூசியோடு சேர்ந்து களியாகும். நீங்கள் அதைப் பார்க்கவும் மாட்டீர்கள். எம்.டி. 90 எல்லாம் இத்தனை வருசம் இந்த மண்ணில் ஓடுவதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம்.

ஸ்கூட்டிக்காரர் இங்கே வரவே தேவையில்லை, அதில் ஓடுவது பெல்ற்.

எஃப்.இஸட், ஹோர்னெற், என்.எஸ். 200, அப்பாச்சி, செரோ போன்றவற்றில் மேலே ஒரு அரைத்தகடு மட்டும்தான், கீழ்ச்செயின் முழுக்க வெளியே நிற்கிறது. பல்சரில் மொடலைப் பொறுத்து இரண்டும் உண்டு. இப்படிச் செயின் வெளியே தெரிகிற பைக்கில், நாளாந்தம் தூரம் ஓடுகிற ஆளாகவோ, ஒயில் விட ஞாபகம் வராத ஆளாகவோ இருந்தால் ஒயிலர் பிரயோசனம். கிழமைக்கு ஒருக்கால் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற பைக் என்றால் ஒரு ஒயில் கானும் பழைய பல்துலக்கும் பிரஷும் வாங்கி மிச்சக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

செயின் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

தேய்ந்து முடிந்த செயினுக்கு ஒயிலர் பூட்டி ஒரு பயனும் இல்லை. இதை அளந்தே பார்க்கலாம், அடிமட்டமோ தையல்காரரின் ரேப்போ காணும். கீழ்ச்செயினில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு மேலே இறுக்கமாக நிற்கவைத்து, கண்ணிகளைக் கோர்க்கும் ஒரு ஊசியின் நடுவில் இருந்து இருபத்தோராவது ஊசியின் நடுவரை அளவுங்கள். சின்ன பைக்குகளில் வரும் 428 செயின் என்றால் புதிதில் இது 254 மில்லிமீற்றர், சரியாகப் பத்து அங்குலம். 259 வந்துவிட்டால் அந்தச் செயினின் காலம் முடிந்தது. 520 செயினுக்குப் புதிதில் 317.5, முடிவு 323. இலக்கம் செயினின் பக்கத்தட்டிலேயே அடித்திருக்கும். ஒரே இடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழும்பாதீர்கள், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை.

அதோடு பற்சில்லையும் பாருங்கள். பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கி போல வளைந்திருந்தால் செயினை மட்டும் மாற்றுவது வீண், செயினும் முன் பின் பற்சில்லும் சேர்த்து முழுச் செற்றாக மாற்ற வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்கை வைத்தே சமாளித்த ஆக்களுக்கு ஒரு செயின் செற் எவ்வளவு முட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒயிலரின் கணக்கே அங்கேதான் இருக்கிறது. செற் எவ்வளவு கூடிய தூரம் ஓடுகிறதோ அதுதான் இலாபம்.

அடுத்தது ஓ-ரிங். பக்கத்தட்டுகளுக்கு இடையே சின்னதாகக் கறுப்பு றப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். அதன் ஊசிக்கும் அதைச் சுற்றி நிற்கும் புஷ்ஷுக்கும் இடையில் கொம்பனியிலேயே கிறீஸ் வைத்து மூடியிருப்பார்கள், அங்கே உங்கள் ஒயில் போகாது, போகவும் தேவையில்லை. வெளியில் விடும் ஒயில் உருளைக்கும் பற்களுக்கும், றப்பர் காயாமல் இருப்பதற்கும், கறள் பிடிக்காமல் இருப்பதற்கும்தான். அதனால் ஓ-ரிங் செயினுக்கு மிகக் கொஞ்சம் போதும். வளையம் இல்லாத சாதாரணச் செயினுக்கு ஒயில் உள்ளேவரை ஊற வேண்டும், ஒயிலரால் கூடுதலாகப் பயன் பெறுவது அதுதான்.

பூட்டுவதற்கு முன் ஒருமுறை நன்றாகக் கழுவுங்கள். மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். பெற்றோல் ஓ-ரிங்குக்குக் கூடாது, கம்பி பிரஷும் கூடாது. கழுவும்போது எஞ்சினை ஸ்ராட் பண்ணி கியரில் போட்டுச் சில்லைச் சுழலவிட்டுத் துணி பிடிக்கிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். துணியோடு விரலும் பற்சில்லுக்குள் போகும். கையால் சுழற்றுங்கள்.

புழுதியும் ஒயிலும் சேர்ந்தால்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், தெரிவு முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது.

கிறவல் புழுதியில் இருக்கிற நுண்மணல் இரும்பைத் தேய்க்கும். அது ஒயிலில் கலந்தால் கராஜில் வால்வு அரைக்கப் பாவிக்கும் பேஸ்ற் மாதிரி ஆகிவிடும். இதைப் பார்த்துவிட்டு "எங்கள் ஊருக்கு ஒயிலே விடக்கூடாது, காயவிட்டு ஓடுங்கோ" என்று சொல்கிற மெக்கானிக்மாரும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஸ்பிறே கிறீஸ் மாதிரி ஒட்டிப் பிடிக்கிற எதையும் கோடையில் கிறவல் வீதிக்குப் பூசினால் ஒரே நாளில் செயின் செம்மண் உருண்டையாகிவிடும். ஆனால் காயவிட்ட செயினின் உருளைகள் பற்களில் இரும்போடு இரும்பாக உரசும், ஓ-ரிங் வெடிக்கும், முதல் மழைக்கே கறள் கட்டும்.

ஒயிலர் இதில் செய்வது வேறு வேலை. மெல்லிய ஒயிலைச் சிறுகச் சிறுக விடும்போது பழைய ஒயில் தன்னில் ஒட்டிய அழுக்கோடு வெளியே வீசப்படுகிறது, புதியது அந்த இடத்துக்கு வருகிறது. செயின் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் இது நடப்பதற்குச் செயின் ஓரளவு வேகத்தில் சுற்ற வேண்டும். ஏ9இல் மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சிக்குப் போகும்போது அது நன்றாக நடக்கும். நட்டாங்கண்டல் பக்கம் குழி பார்த்து இரண்டாம் கியரில் உருளும்போது நடக்காது, அங்கே ஒயில் வீசப்படாமல் தங்கும், புழுதி மட்டும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

அதனால்தான் முதலிலேயே சொன்னேன், குறைக்கவும் நிறுத்தவும் முடிகிற ஒயிலர் வேண்டும் என்று. நல்ல தாரில் ஓடவிடுங்கள், நீளமான கிறவல் தொடங்கும் இடத்தில் மூடுங்கள், திரும்பத் தாரில் ஏறியதும் திறவுங்கள். மாரியில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, கதை தலைகீழ். வாடை மழையில் ஒயில் கழுவுப்பட்டுப் போகும், குளம் மேவி வீதியைக் கடந்து ஓடும் இடங்களில் செயின் முழுக்கத் தண்ணீரில் முங்கும், அப்போது கூட்டித் திறந்தால்தான் சரி. முல்லைத்தீவுக் கரையோரம் இருக்கிற ஆக்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் வருசம் முழுக்க கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கலாம்.

என்னென்ன வகை இருக்கிறது

வெளிநாட்டுக் கொம்பனிகளின் பெயர்கள் நிறைய, ஆனால் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் நாலைந்து வகைதான்.

வெக்கியூம் வகை. இதில் பெயர் போனது ஸ்கொட்லாந்தின் ஸ்கொட்ஒயிலர். எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயில் இருந்து ஒரு மெல்லிய ஹோஸ் எடுத்து ஒயில் தொட்டியின் வால்வுக்குக் கொடுப்பார்கள். எஞ்சின் ஓடினால் வால்வு தூக்கும், ஒயில் தன் பாரத்தில் கீழே இறங்கும், எஞ்சின் நின்றால் வால்வு மூடும். மின்சாரம் தேவையில்லை, மூட மறக்கவும் முடியாது, அதுதான் இதன் பெரிய நன்மை. ஆனால் உங்கள் பைக்கின் இன்ரேக் குழாயில் ஹோஸ் கொழுவ ஒரு மூக்கு ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துளை போட வேண்டும், அந்த வேலைக்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஹோஸ் வெடித்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போய் எஞ்சின் ஐடிலில் துள்ளத் தொடங்கும், காபரேற்றரைக் கழற்றிக் கழுவிக் கழுவிக் காரணம் தெரியாமல் நிற்பீர்கள். இன்னொன்று, கைப்பிடியை முழுக்கத் திருகி ஓடும்போது இன்ரேக்கில் வெக்கியூம் குறையும். 100, 125 சி.சி. பைக்கில் இரண்டு பேரையும் ஒரு மூட்டை நெல்லையும் ஏற்றிக்கொண்டு முழுத் திருகலில் ஓடுகிற எங்கள் ஆக்களுக்கு இது ஒரு சின்ன விசயமில்லை. கிறவலில் நிறுத்த வேண்டுமென்றால் இறங்கித் தொட்டியின் தலையில் உள்ள குமிழைத் திருக வேண்டும்.

அசைவில் வேலை செய்யும் வகை. இங்கிலாந்தின் டுடோரோ இதற்கு உதாரணம். தொட்டிக்குள் ஒரு பாரம், பைக் ஓடும்போது வருகிற குலுக்கத்தில் அது மேலும் கீழும் ஆடி வால்வைத் திறந்து மூடும். வயரும் இல்லை, வெக்கியூமும் இல்லை, பூட்டுவது சுகம். நேராக நிமிர்ந்து நிற்கும்படி பூட்டினால்தான் வேலை செய்யும். இப்போது யோசித்துப் பாருங்கள், எந்த வீதியில் குலுக்கம் கூட? கிறவலில். ஒயில் குறைய வேண்டிய இடத்தில் இது கூடுதலாக விடும். தார் வீதியிலேயே நாள் முழுக்க ஓடுகிற ஆளுக்கு நல்ல சாமான், உள்வீதிக்காரர் கிறவல் வந்ததும் குமிழை மூடப் பழக வேண்டும்.

மின்சார வகை. ஸ்கொட்ஒயிலரிலேயே மின்சார மொடல்கள் உண்டு, ஜேர்மனியின் சி.எல்.எஸ். உண்டு. சின்னப் பம்போ வால்வோ வைத்து, சில்லின் வேகத்தையோ பைக்கின் அசைவையோ பார்த்து அளந்து விடும். கைப்பிடியில் இருந்தே கூட்டிக் குறைக்கலாம், மழை என்றால் ஒரு பட்டன். வேலையில் பார்த்தால் இதுதான் முதலாமிடம், நான் மறுக்கமாட்டேன். விலையில் பார்த்தால் எங்கள் பைக்கின் ஒரு செயின் செற், சில இடங்களில் இரண்டு மூன்று செற், இதற்குள் போய்விடும். பழுதானால் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ திருத்த ஆளும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. 6 வோல்ற் பற்றறியில் ஓடும் பழைய ஹொண்டாவுக்கு இது சரிவரவே வராது. பெரிய பைக்கில் தீவைச் சுற்றுகிற ஆளாக இருந்தால் யோசிக்கலாம்.

கையால் விடும் வகை. லூப்மேன் என்று ஒன்று, ஒரு போத்தல்தான். ஓடத் தொடங்கும் முன் போத்தலை ஒருமுறை அமத்தினால் அளவான ஒயில் மேலறைக்கு ஏறும், பிறகு அது மெதுவாக இறங்கிப் பற்சில்லுக்குப் போகும். நீமோ 2 என்று இன்னொன்று, கைப்பிடியில் பூட்டும் சின்ன உருளை, தலையைக் கொஞ்சம் திருகினால் ஒரு அளவு ஒயில் குழாயில் தள்ளப்படும். ஓடிக்கொண்டே செய்யலாம். இவற்றைத் தானியங்கி என்று சொல்ல முடியாதுதான், ஆனால் வன்னிக்குள் ஓடுகிற பெரும்பாலான ஆக்களுக்கு என் தெரிவு இந்த வகைதான். தாரில் ஏறியதும் ஒரு அமத்தல், மழை விட்டதும் ஒரு அமத்தல், கிறவலில் ஒன்றுமில்லை. நீங்கள் கை வைக்காவிட்டால் ஒயில் வராது, ஆகவே மூட மறந்து இரவோடு இரவாகத் தொட்டி காலியாகி முற்றத்தில் ஒயில் குளம் கட்டுவதும் இல்லை.

வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு, ஒரு பக்கம் 70 கிலோமீற்றருக்கு மேல், தினம் ஏ9இலேயே வேலைக்குப் போய் வருகிற ஆட்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரிச் சொல்வேன். அவர்களுக்கு வெக்கியூம் வகையோ அசைவு வகையோ சரி.

லண்டனில் இருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்வதாக இருந்தால் சாமானை மட்டும் சொல்லுங்கள், ஒயில் போத்தலைச் சூற்கேசில் வைத்து உடுப்பெல்லாம் நனைந்து வந்து அவர்களிடம் பேச்சு வாங்கத் தேவையில்லை. ஒயில் இங்கே தாராளம்.

சேலைன் குழாய் வைத்தியம்

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அதனால் இதை எழுதாமல் விட்டால் யாராவது கேட்பீர்கள்.

மருந்துக்கடையில் புதிதாக, பைக்கற் உடைக்காத சேலைன் செற் ஒன்று வாங்கினால் ஒயிலரின் முக்கால்வாசி உங்கள் கையில். பாவித்ததை எடுக்க வேண்டாம், அது வேறு ஆபத்து. அதில் சொட்டு விழுவதைக் கண்ணால் பார்க்க ஒரு தெளிவான அறை இருக்கிறது, அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு உருளும் கிளிப் இருக்கிறது, குழாயும் நீளம். சின்னப் போத்தல் ஒன்றை சீற்றின் கீழ் மூடி கீழே வரும்படி தலைகீழாகக் கட்டி, மூடியில் செற்றைக் குத்தி, மேலே வருகிற போத்தலின் அடியில் காற்றுப் போக ஊசித்துளை ஒன்று போட்டால் வேலை முடிந்தது. காற்றுத்துளை இல்லாவிட்டால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும்.

குறைகளும் இருக்கின்றன. உருளும் கிளிப் பைக்கின் அதிர்வில் மெதுவாக நகரும், காலையில் வைத்த அளவு பின்னேரம் இருக்காது. அந்த பிளாஸ்ரிக் குழாய் ஒயிலிலும் வெய்யிலிலும் நாளடைவில் இறுகி மொறுமொறுத்துப் போகும். பைக்கை நிற்பாட்டும்போது நீங்கள்தான் மூட வேண்டும். செற்றின் உறையில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 சொட்டு என்று போட்டிருப்பது தண்ணீர் கணக்கு, ஒயில் சொட்டு அதைவிடச் சின்னது. கிளிப்புக்குப் பதிலாக மீன்தொட்டிக் காற்றுக்குழாய்க்குப் போடும் சின்ன வால்வைப் போட்டால் அதிர்வுப் பிரச்சினை நன்றாகக் குறையும், மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். காசு போட்டு வாங்குவதற்கு முன் ஒயிலர் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்கு இது நல்ல வழி, நிரந்தரமாக வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

எந்த ஒயில்

80டபிள்யூ-90 கியர் ஒயில். செயின் செய்கிற கொம்பனிகளே ஓ-ரிங் செயினுக்கு இதைத்தான் சொல்கின்றன. 90 என்றதும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயிலை விடத் தடிப்பு என்று நினைக்க வேண்டாம், இரண்டுக்கும் வேறு வேறு அளவுகோல், தடிப்பில் ஏறக்குறைய ஒன்றுதான். கியர் ஒயில் கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஒயிலும் பரவாயில்லை.

கழிவு ஒயில் வேண்டாம். கராஜில் சும்மா தருவார்கள், அதில் இரும்புத்தூளும் கரியும் அமிலமும் இருக்கும், செயினைக் காப்பாற்றப் போய் அதையே அரைத்துவிடும், ஒயிலரின் மெல்லிய குழாயும் அடைபடும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் காய்ந்து பசையாகும். மரம் வெட்டும் வாளின் செயினுக்கு விடும் ஒயில் வெளிநாட்டில் இதற்குப் பலர் பாவிக்கிறார்கள், வீசாமல் ஒட்டி நிற்கும் என்பதால். எங்கள் புழுதிக்கு அந்த ஒட்டுத்தன்மையே தொல்லை, மாரியில் மட்டும் போட்டுப் பார்க்கலாம்.

வெப்பத்தை மறக்க வேண்டாம். ஒயில் சூடேற ஏற மெலியும். 25 பாகையில் இருந்து 40 பாகைக்குப் போனால் இந்த வகை ஒயிலின் தடிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதாவது விடிய வெள்ளன அளவு வைத்த ஒயிலர், மத்தியான வெய்யிலில் எஞ்சின் சூடும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சொட்டும், நீங்கள் ஒன்றும் தொடாமலே. ஸ்கொட்ஒயிலர் கொம்பனி சாதாரண இடங்களுக்கு நீல ஒயிலும் வெப்பமான இடங்களுக்குச் சிவப்பு ஒயிலுமாக விற்பது இதற்காகத்தான். எங்களுக்கு விதி இவ்வளவுதான்: அளவை எப்போதும் மத்தியானத்தில், கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு வையுங்கள்.

பூட்டுவது

ஒயில் சொட்டும் குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம். தொட்டியை எங்கே கட்டினாலும் சமாளிக்கலாம், நுனி பிழைத்தால் ஒயில் ரயருக்குப் போகும்.

பெரும்பாலான பைக்குகளில் செயின் இடப்பக்கம். இடப்பக்கம் நின்று பின் பற்சில்லை ஒரு மணிக்கூடாக நினைத்தால் ஏழு மணி முள் நிற்கும் இடத்தில்தான் நுனி நிற்க வேண்டும். கீழ்ச்செயின் முன்னால் இருந்து வந்து பற்களில் ஏறப் போகிற இடம் அது. நுனி செயினைத் தொடக்கூடாது, பற்சில்லின் பக்கத்தட்டைப் பற்களின் அடிக்குக் கொஞ்சம் உள்ளே மெதுவாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒயில் தட்டில் படிந்து, சுழலும் வேகத்தில் வெளிநோக்கிப் பரவி, தானாகவே செயினுக்குப் போய்ச் சேரும். செயினுக்கு மேலே நேராகச் சொட்டவிட்டால் பாதி காற்றிலே போய்விடும். இரண்டு நுனி உள்ள வகையென்றால் தட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஒரு பக்கம் மட்டும் என்றாலும் ஒயில் மற்றப் பக்கத்துக்கு ஓரளவு பரவும், அதற்காக ஏங்க வேண்டாம்.

குழாயை, பின்சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆமின் அடிப்பக்கமாகவோ உட்பக்கமாகவோ கொண்டுபோங்கள். கட்டுவதற்கு முன் அந்த இடத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள், ஒயில் பிசுக்கில் எந்தப் பசையும் ஒட்டாது. பசையை மட்டும் நம்பவும் வேண்டாம், எங்கள் குழிகளுக்கு அது காணாது, கேபிள் ரை போட்டு இறுக்குங்கள். ஆனால் குழாய் நசியுமளவுக்கு இறுக்கக்கூடாது. ஸ்விங் ஆம் மேலும் கீழும் ஆடுகிற மூட்டுக்குப் பக்கத்தில் குழாய்க்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். சைலன்சர் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

எல்லாம் கட்டிய பிறகு யாரையாவது சீற்றில் இருத்தி நன்றாக அமத்தச் சொல்லிவிட்டு நுனியைப் பாருங்கள், எங்காவது இழுபடுகிறதா, சில்லின் கம்பியில் முட்டுகிறதா என்று. பிறகு பைக்கைக் கையால் பின்னுக்கு உருட்டிப் பாருங்கள். முன்னுக்குப் போகும்போது ஒழுங்காக நிற்கிற நுனி பின்னுக்கு உருட்டும்போது பற்களில் கொழுவி முறிகிற சந்தர்ப்பம் உண்டு, வளைந்து கொடுக்கிற நுனியாக இருந்தால் பயமில்லை.

குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் ஒயில் இறங்காது. முதல்முறை நிரப்பும்போது அளவை முழுக்கத் திறந்து, நுனியில் ஒயில் எட்டிப் பார்க்கும்வரை விட்டு, பிறகு குறையுங்கள். நுனியின் கீழ் பழைய பத்திரிகை ஒன்றை வையுங்கள்.

அளவு வைப்பது

தொடக்கத்துக்கு நிமிடத்துக்கு ஒரு சொட்டு. ஒயில் ஒரு மில்லிலீற்றருக்குச் சுமார் 30 சொட்டு என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 2 மில்லிலீற்றர், 50 மில்லிலீற்றர் தொட்டி 25 மணித்தியாலம், மணிக்கு 40 கிலோமீற்றர் சராசரி என்றால் ஏறக்குறைய 1000 கிலோமீற்றர். ஒரு லீற்றர் கியர் ஒயில் வாங்கினால் எத்தனை காலத்துக்கு வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஓடிவிட்டு வந்து மூன்று இடம் பாருங்கள். செயினின் பக்கத்தட்டை விரலால் தடவினால் மெல்லிய ஈரம் இருக்க வேண்டும், விரலில் வடியக்கூடாது. பின் ரிம்மில் புள்ளி புள்ளியாகக் கறுப்புத் தெறிப்பு இருந்தால் ஒயில் கூடிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். மூன்றாவது ரயர். தரையில் படும் பகுதியில் ஒயில் தெரிந்தால் அப்போதே நிறுத்தி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நுனியைத் திருத்தாமல் ஓட வேண்டாம். பின் டிஸ்க் பிறேக் பெரும்பாலும் வலப்பக்கம் என்பதால் அதற்கு ஒயில் போவது அரிது, ஆனாலும் ஒருக்கால் பாருங்கள்.

கோடையில் கிறவலில் கூடுதலாக ஓடுகிற ஆக்கள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று குறைக்கலாம். ஓ-ரிங் செயினுக்கு அதுவே தாராளம். மாரி தொடங்கியதும் நிமிடத்துக்கு இரண்டுவரை கூட்டலாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டு வீதிகளில் பொழுதுபட்ட பிறகு இறங்கி நின்று குமிழ் திருகிக்கொண்டு நிற்க வேண்டாம், யானை உங்கள் செயினைப் பற்றி யோசிக்காது. கொஞ்சம் ஒயில் கூடப் போனால் போகட்டும்.

பிறகு வரும் சில்லறைத் தொல்லைகள்

ஒயில் திடீரென வராமல் நின்றால் முதலில் காற்றுத்துளையைப் பாருங்கள். வேட்டாளிக் குளவி சின்னத் துளை கண்டால் மண் வைத்து அடைக்கும். நாலைந்து நாள் பைக் கொட்டிலில் சும்மா நின்றால் போதும். நுனியும் அப்படித்தான், உள்ளே களிமண் உருண்டை இருக்கும், ஊசியால் குத்தி எடுங்கள். துளைக்கு மேலே சின்னத் துண்டு ஸ்பொஞ்ச் வைத்தால் காற்றும் போகும், குளவியும் அண்டாது.

அடுத்தது எலி, அணில். வீட்டில் அவை வயரைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் குழாயையும் கடிக்கும், தெரிகிற இடங்களில் பழைய வயர் உறைக்குள் குழாயை விடுங்கள்.

தொட்டியில் ஒயில் இருக்கிறது என்பதால் செயினைப் பார்க்காமல் விடக்கூடாது. தளர்வு பார்ப்பது, மாதத்துக்கு ஒருக்கால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது, இதெல்லாம் ஒயிலர் செய்யாது. செயினை இறுக்கும்போது பின்சில்லு பின்னுக்கு நகரும், அதனால் நுனியும் தன் இடத்தில் நிற்காது, ஒவ்வொரு முறையும் திரும்பப் பாருங்கள். பஞ்சர் ஒட்டக் கொடுக்கும்போது கடைக்காரத் தம்பியிடம் "செயின் பக்கம் ஒரு குழாய் இருக்கு, சில்லைக் கழற்ற முதல் அதை ஒதுக்கி விடு" என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் அவசரத்தில் அதைக் குறட்டால் வெட்டிவிட்டு ஏதோ பழைய வயர் என்று எறிந்துவிடுவார்கள். ஒரு முழம் குழாயும் நாலு கேபிள் ரையும் சீற்றுக்குக் கீழே வைத்திருந்தால் அங்கேயே திரும்பக் கட்டிவிட்டு வரலாம்.